கேமிங் கதிரை வாங்க முதல்: எல்லாரும் என்னட்டக் கேக்கிற கேள்வியள்

நான் யாழ்ப்பாணம், கொக்குவில். இரவில வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டுக்கு வேலை, அது முடிஞ்சா விடிய விடிய வலோரன்ட் கேம், அப்ப கூட்டிப் பாத்தா ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கதிரையிலதான் கிடக்கிறன். ரெண்டு கதிரையைப் பழுதாக்கிப்போட்டு இப்ப மூண்டாவதில இருக்கிறன். அதாலயோ என்னவோ கதிரை வாங்கப் போற பெடியள் எல்லாரும் எனக்குத்தான் மெசேஜ் போடுறாங்கள், ஒவ்வொருத்தனுக்கும் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பி எழுதிக் கை நொந்துபோச்சு, அதான் ஒரேயடியா இதில எழுதி விடுறன்.

கேமிங் கதிரைக்கும் ஓபிஸ் கதிரைக்கும் உண்மையா என்ன வித்தியாசம் அண்ணை?

கேமிங் கதிரையின்ர வடிவம் ரேஸ் காரில இருந்து வந்தது. டிஎக்ஸ்ரேசர் எண்ட கொம்பனி முதல் கார் சீற் செய்துகொண்டு இருந்தது, 2006 இல அந்த சீற்றுக்குக் கீழ சில்லுப் பூட்டி கேமிங் கதிரை எண்டு விட்டிச்சினம், அதுக்குப் பிறகு எல்லாரும் அதைப் பாத்துச் செய்யத் தொடங்கிட்டினம். அந்த சீற்றில ரெண்டு பக்கமும் செட்டை மாதிரி உயர்ந்து நிக்குது பாருங்கோ, கார் வேகமா கோணர் அடிக்கேக்க ட்ரைவர் பக்கத்துக்குச் சறுக்காமல் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான் அது. உங்கட அறை கோணர் அடிக்கப் போறேல்ல. அப்ப அந்தச் செட்டை செய்யிற வேலை என்னெண்டா உங்கட தோளை முன்னுக்குத் தள்ளிறதும் தொடையை நெரிக்கிறதும்தான், கொஞ்சம் உடம்பான ஆள் எண்டா ஒரு மணித்தியாலத்திலேயே விளங்கும்.

நல்ல ஓபிஸ் கதிரை வேற பக்கத்தால வந்தது. 1994 இல ஹேர்மன் மில்லர் விட்ட ஏரோன் கதிரையை எடுங்கோ, பில் ஸ்ரம்ப், டொன் சாட்விக் எண்டு ரெண்டு பேர் வடிவமைச்சது, பஞ்சே இல்லாமல் வலைத்துணியில செய்து ஏ, பி, சி எண்டு மூண்டு சைஸில விட்டவை. செருப்பு வாங்கேக்க சைஸ் கேக்கிறம், கதிரைக்கு மட்டும் கலர் கேக்கிறம், அங்கதான் நாங்கள் எல்லாரும் பிழை விடுறது.

அப்ப கேமிங் கதிரை எல்லாம் பம்மாத்தோ?

அப்பிடி இல்ல. பின்னுக்கு நல்லாச் சாயும், தலைக்கும் பிடரிக்கும் தாங்கல் இருக்கும், சில ஓபிஸ் கதிரையில உது ரெண்டும் கிடையாது. நல்ல கொம்பனியள் செட்டையைத் தட்டையாக்கி, நாரிக்குத் தாங்கலை உள்ளுக்கயே வச்சு விடுகினம். 2014 இல சிங்கப்பூரில தொடங்கின சீக்ரட்லாப் உயரத்தையும் நிறையையும் கேட்டு சைஸ் பாத்துத்தான் விக்குது. பம்மாத்து எண்டு நான் சொல்லுறது நாடா போட்டுக் கட்டின ரெண்டு குட்டித் தலையணையோட, சிவப்புக் கோடு அடிச்சு, எர்கோனொமிக் (உடம்புக்குப் பொருத்தமானது) எண்டு பெட்டியில எழுதி வாற சாமானை. அந்தச் சொல்லை ஆர் வேணுமெண்டாலும் எழுதலாம், கேக்க ஆளில்ல.

என்ர உயரத்துக்கு எந்தக் கதிரை சரி?

இதுதான் முக்கியமான கேள்வி, வடிவா வாசியுங்கோ.

வீட்டில சாதாரண மரக்கதிரை ஒண்டில செருப்பில்லாமல் இருங்கோ, பாதம் ரெண்டும் நிலத்தில முழுசாப் பட வேணும். ஒராளை ரேப் பிடிக்கச் சொல்லி நிலத்தில இருந்து முழங்கால் மடிப்புக்குப் பின்பக்கம் வரைக்கும் அளவுங்கோ. எனக்கு 43 சென்ரிமீற்றர். கதிரையின்ர சீற் அந்த உயரத்துக்கு இறங்க வேணும், அதுவும் நீங்கள் இருந்து பஞ்சு அமிஞ்ச பிறகு. கனக்க கேமிங் கதிரையள் உயரமான வெள்ளைக்காரனை நினைச்சுச் செய்தது, ஆகக் கீழ இறக்கினாலும் 45, 46க்குக் கீழ வராது, எங்கட பொம்பிளைப் பிள்ளையள் கனபேருக்குக் கால் தொங்கும். கால் தொங்கினா சீற்றின்ர முன் விளிம்பு தொடைக்குக் கீழ வெட்டும், கால் விறைக்கும், அந்த விறைப்பில இருந்து தப்ப நாங்கள் முன்னுக்கு அரக்கி வந்து சீற்றின்ர நுனியில இருப்பம், அதோட முதுகுத் தாங்கலுக்குக் குடுத்த காசு முழுக்க அவம்.

ரெண்டாவது சீற்றின்ர ஆழம். பின்னுக்கு முட்ட இருந்துகொண்டு, சீற்றின்ர விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில விரல் வச்சுப் பாருங்கோ. ரெண்டு மூண்டு விரல் போக வேணும். போகாட்டி அந்தக் கதிரை உங்களுக்கு ஆழம் கூட, ஆர் என்ன சொன்னாலும் வாங்க வேண்டாம். சீற்றை முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கக்கூடிய கதிரை கிடைச்சா அது பெரிய விசயம், ஆனா கேமிங் கதிரையில அது வலு அருமை.

மூண்டாவது தோள். முதுகுப் பக்கத்துச் செட்டை உங்கட தோள்மூட்டில முட்டக் கூடாது. இதை அளந்தெல்லாம் கண்டுபிடிக்கேலாது, இருந்துதான் பாக்க வேணும். கடையில போய் ஒரு நிமிசம் இருந்துபோட்டு எழும்ப வேண்டாம், பதினைஞ்சு நிமிசம் போனைப் பாத்துக்கொண்டு இருங்கோ, கடைக்காரர் முறைச்சா முறைக்கட்டும்.

மேசை உயரமும் பாக்க வேணுமோ?

பாக்காட்டி மற்றது எல்லாம் வீண். எங்கட வீடுகளில இருக்கிற மேசை அப்பப்பா காலத்துத் தேக்கு மேசை, எழுதுறதுக்கு எண்டு உயர்த்திச் செய்தது. என்ர மேசை 78 சென்ரிமீற்றர், கடையில வாற சாதாரண கொம்பியூட்டர் மேசை 73, 75 இல நிக்கும். கீபோட்டில கை வைக்கேக்க முழங்கையும் கையும் ஒரே மட்டத்தில இருக்க வேணும், தோள் தூக்கக் கூடாது. மேசை உயரம் எண்டா கதிரையை உயர்த்த வேண்டி வரும், கதிரையை உயர்த்தினாக் கால் தொங்கும், அதால காலுக்குக் கீழ ஏதாவது வைக்க வேணும். நான் வச்சிருக்கிறது அம்மாவின்ர குசினிப் பலகைக்கட்டை. அம்மா இன்னும் அதைத் தேடிக்கொண்டு இருக்கிறா. மேசையின்ர காலை ஒரு தச்சரைக் கொண்டு மூண்டு நாலு சென்ரிமீற்றர் அரிஞ்சு விடலாம்தான், ஆனா தேக்கு மேசையில வாள் வைக்க வீட்டில விடமாட்டினம், எங்கட வீட்ட அந்தக் கதையையே எடுக்கேலாது.

மொனிற்றரின்ர மேல் விளிம்பு கண் மட்டத்தில, கை நீட்டினாத் தொடுற தூரத்தில. லப்ரொப் எண்டா கீழ ரெண்டு பாடப்புத்தகம் அடுக்கி வேற கீபோட் ஒண்டு போடுங்கோ. இவ்வளவு காணும்.

நாரி நோவுக்கு லம்பர் தலையணை உதவுமோ?

சரியான இடத்தில வச்சா உதவும். நாரியில இருக்கிறது அஞ்சு முள்ளந்தண்டு எலும்பு, நிக்கேக்க அந்த இடம் உள்பக்கமா வளைஞ்சு இருக்கும், இருக்கேக்க, அதுவும் கேம் சூடு பிடிச்சு முன்னுக்குக் குனியேக்க, அந்த வளைவு தட்டையாப் போகுது. பாரம் முழுக்க அந்த எலும்புகளுக்கு இடையில இருக்கிற டிஸ்க்கில ஒரு பக்கமா விழும். தலையணையின்ர வேலை அந்த வளைவை விடாமல் பிடிச்சிருக்கிறது மட்டும்தான். அப்ப அது இருக்க வேண்டிய இடம் பெல்ற் கட்டுற இடத்துக்குக் கொஞ்சம் மேல. எங்கட ஆக்கள் அதை நடு முதுகில வச்சுக்கொண்டு இருப்பினம், பிறகு நெஞ்சு முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிக்குது எண்டு கழட்டி எறியிறது. கதிரையோட வாற தலையணை கனக்கப் பெருசு, ஒரு துவாயைச் சுருட்டி வச்சுப் பாருங்கோ, அதுவே சுகமா இருந்தா அந்த அளவுதான் உங்களுக்குத் தேவை.

ஏற்கெனவே நாரி நோ காலுக்கு இறங்குது, காலில விறைப்பு, ஊசி குத்திற மாதிரி எண்டா கதிரையை விட்டுப்போட்டு டொக்ரரிட்டப் போங்கோ. ரெண்டு தொடைக்கு நடுவில உணர்ச்சி குறையுது, சலம் போறது கட்டுப்பாட்டில இல்ல எண்டா விடியும்வரை பாத்துக்கொண்டு இருக்கக் கூடாது, உடன ஆஸ்பத்திரி.

நேரா 90 பாகையில நிமிர்ந்து இருக்கிறதுதானே நல்லம்?

பள்ளிக்கூடத்தில வாத்தியார் சொன்னது, எனக்கும் சொன்னவர். 2006 இல ஸ்கொட்லாந்தில ஆராய்ச்சிக்காரர் 22 பேரை எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தவை, குனிஞ்சு இருக்கேக்க, நேரா இருக்கேக்க, 135 பாகையில சாய்ஞ்சு இருக்கேக்க எண்டு மூண்டு விதமா. நாரி டிஸ்க்குக்குக் குறைஞ்ச கரைச்சல் சாய்ஞ்சு இருக்கேக்கதான். இதை வாசிச்ச உடன எனக்கு அப்பப்பாவின்ர சாய்மனைக் கதிரைதான் ஞாபகம் வந்தது, மனுசன் மத்தியானம் பேப்பரோட அதில சரிஞ்சாப் பின்னேரத் தேத்தண்ணிக்குத்தான் எழும்பும், நாரி நோ எண்டு ஒருநாளும் நான் கேட்டதில்ல. (தோட்டத்தில மண்வெட்டி பிடிச்ச உடம்பு, அதையும் சொல்ல வேணும்.)

ஆனா 135 இல சரிஞ்சுகொண்டு கீபோட் அடிக்கேலாது, கழுத்து முன்னுக்கு வரும். விளையாடேக்க 100, 110, வீடியோ பாக்கேக்க இன்னும் சாய்ச்சு, இடைக்கிடை மாத்திக்கொண்டு இருங்கோ. வாங்கேக்க சாயிற முறையைப் பாருங்கோ: பக்கத்தில இருக்கிற லீவரை இழுத்தா முதுகு மட்டும் தனியாப் படுக்கிறது ஒரு வகை, முதுகு சாயச் சாய சீற்றும் அதின்ர அரைவாசி அளவுக்குச் சேர்ந்து சரியிறது மற்ற வகை. ரெண்டாவதுக்குப் பேர் சிங்க்ரோ ரில்ற். நாள் முழுக்க இருக்கிற ஆளுக்கு அதுதான் தேவை, 180 பாகைக்குக் கட்டில் மாதிரிப் படுக்கும் எண்டு விளம்பரம் போடுறதைப் பாத்து மயங்காதேங்கோ, படுக்கிறதுக்கு வீட்டில பாய் இருக்கு.

லெதரோ, துணியோ, மெஷ் எண்ட வலைத்துணியோ?

என்ர முதல் கேமிங் கதிரை கறுப்பு பியூ லெதர். வடிவெண்டாச் சொல்லி வேலையில்ல. ரெண்டாவது வருசம் தொடை படுற இடத்தில சின்னச் சின்னச் செதிலாக் கழரத் தொடங்கிச்சுது, பிறகு கறுப்புச் சருகு வீடு முழுக்க, சாரத்தில, படுக்கையில, ஒருநாள் தங்கச்சியின்ர சாப்பாட்டுக் கோப்பைக்குள்ளயும். வித்தவரிட்டக் கேக்க, நீங்கள் வேர்வையோட இருந்திருப்பியள் எண்டார். யாழ்ப்பாணத்தில வேர்வை இல்லாமல் ஆர் இருக்கிறது?

காரணம் என்னெண்டா பியூ லெதர் தோலே இல்ல, துணிக்கு மேல பூசின மெல்லிய பொலியூரிதேன் படை. காத்தில இருக்கிற ஈரப்பதன் அந்தப் பிளாஸ்ரிக்கை மெல்ல மெல்ல உடைக்கும், சூடும் சேர்ந்தா இன்னும் கெதியா உடைக்கும், பாவிக்காமல் பெட்டிக்குள்ள வச்சாலும் உடையும். குளிர்நாட்டில ஏழெட்டு வருசம் போறது இஞ்ச அப்பிடிப் போகாது. பிவிசி லெதர் அந்த மாதிரிக் கழராது, ஆனா வெக்கை, காண்டாவன நேரம் அதில இருந்தா ஆள் அவிஞ்சு போம்.

அதால என்ர ஓட்டு மெஷ்ஷுக்கு, இல்லாட்டி நல்ல நெசவுத் துணிக்கு. 2022 இல நாள் முழுக்கக் கரண்ட் வெட்டின காலம் ஞாபகமிருக்குத்தானே, மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் வரைக்கும் போனது, ஃபேன் இல்லாமல் லெதரில இருந்தவனுக்குத்தான் மெஷ்ஷின்ர அருமை விளங்கும். மெஷ் வாங்கேக்க ஒண்டு பாருங்கோ, சீற்றும் மெஷ் எண்டா முன்பக்கச் சட்டம் தொடையை வெட்டுதோ எண்டு. மலிவு மெஷ் ஒரு வருசத்தில தொட்டில் மாதிரித் தொய்யும். முதுகு மெஷ், சீற் பஞ்சு, அதுக்கு மேல துணி, இந்தச் சேர்க்கைதான் எங்கட வெக்கைக்குச் சரி எண்டு நான் நினைக்கிறன். வீட்டில பூனை இருந்தா அது வேற கதை, மெஷ் கண்டாப் பூனைக்குக் கொண்டாட்டம்.

பஞ்சு மெத்தெண்டு இருந்தா நல்லமோ?

கடையில மெத்தெண்டு இருக்கிறது ஆறு மாசத்தில தட்டையாப் போம். அச்சில வார்த்த பஞ்சு முதல் இருக்கேக்கக் கொஞ்சம் கடினமாத்தான் தெரியும், ஆனா அதுதான் நிக்கும். அடர்த்தி ஒரு கனமீற்றருக்கு 50 கிலோவுக்கு மேல எண்டு போட்டிருந்தா நல்லது. பெருவிரலால அமத்திப் பாருங்கோ, அடியில பலகை முட்டினா வேண்டாம்.

காஸ் சிலிண்டர் வெடிக்கும் எண்டு வாட்ஸப்பில வந்தது, உண்மையோ?

உள்ள இருக்கிறது சமையல் காஸ் இல்ல, அமுக்கத்தில அடைச்ச நைதரசன், நெருப்புப் பிடிக்காது. தரங்கெட்ட சிலிண்டர் அமுக்கம் தாங்காமல் பிச்சுக்கொண்டு வரலாம் எண்டது உண்மைதான், அதால சோதனை செய்த சாமானா எண்டு பாக்க வேணும். பிஃப்மா எண்டது அமெரிக்காவில தளபாடத்துக்குத் தரம் வைக்கிற அமைப்பு, அவையின்ர எக்ஸ்5.1 சோதனை 275 றாத்தல், அதாவது கிட்டத்தட்ட 125 கிலோ நிறை ஆளுக்கு, அதைவிடப் பாரமான ஆக்களுக்கு எக்ஸ்5.11 எண்டு வேற ஒண்டு, அது 400 றாத்தல் வரைக்கும். பெட்டியில உதைத் தேடுங்கோ. எப்பிடியும் கழட்டின சிலிண்டரை வெட்டுறது, துளைக்கிறது, நெருப்பில போடுறது ஒண்டும் வேண்டாம்.

கதிரை தானாக் கீழ இறங்கினா சிலிண்டரின்ர சீல் பழுதாப் போச்சு. முழுக் கதிரையையும் எறியத் தேவையில்ல, சிலிண்டரின்ர விட்டம் மேல 28, கீழ 50 மில்லிமீற்றர் எண்டது பொதுவான அளவு, அளந்து பாத்துப் புதுசு வாங்கி மாத்தலாம். பழசு இறுகிப்போய் இருக்கும், பைப் ரெஞ்சும் சுத்தியலும் உள்ள ஒரு மெக்கானிக்கிட்டக் குடுத்தா அஞ்சு நிமிசம். கடற்கரைப் பக்கம், குருநகர், பருத்தித்துறை ஆக்கள் இரும்புக் கால் உள்ள கதிரை வாங்காதேங்கோ, உப்புக்காத்துக்குத் துருப்பிடிக்கும், நைலோன் இல்லாட்டி அலுமினியம் எடுங்கோ. நட், போல்ட்டுக்கு இடைக்கிடை கொஞ்சம் எண்ணெய்.

ரைல்ஸில கதிரை ஓடித் திரியுது, கீறலும் விழுது. என்ன செய்ய?

சில்லுப் பிழை. கதிரையோட வாற கடின நைலோன் சில்லு காப்பெற் விரிச்ச நிலத்துக்கு. ரைல்ஸ், சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு ரப்பர் மாதிரி மெத்தெண்ட சில்லுப் போட வேணும், அஞ்சும் தனியா வாங்கலாம், இழுத்தாக் கழரும், அமத்தினாப் பூட்டும்.

4டி கைபிடி தேவையோ?

மேல கீழ, முன் பின், பக்கவாட்டு, திருப்புறது, உதுதான் நாலு. உண்மையாத் தேவை மேல கீழ. மேசையில முட்டாமல் உள்ளுக்குப் போற அளவுக்கு இறங்கினாக் காணும்.

பாவிச்சது வாங்கலாமோ?

நல்ல கதிரை பாவிச்சது, மோசமான கதிரை புதுசைவிடத் திறம். கொழும்பில ஓபிஸ் மூடேக்க, சாமான் மாத்தேக்க நல்ல கொம்பனிக் கதிரையள் மலிவா வெளிய வரும். போய் இருந்து ஆகவும் உயர்த்திப்போட்டுப் பத்து நிமிசம் விட்டுப் பாருங்கோ இறங்குதோ எண்டு, சாய்ச்சு லொக் பண்ணிப் பின்னுக்குத் தள்ளுங்கோ, தலைகீழாப் பிரட்டி வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. மூட்டைப்பூச்சி, அதையும் பாருங்கோ, சிரிக்காதேங்கோ. பஸ்ஸிலயோ லொறியிலயோ ஏத்திறதெண்டாக் காலையும் முதுகையும் கழட்டிப் பெட்டியாக்கி விடச் சொல்லுங்கோ, போல்ட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு சீற்றில ஒட்டச் சொல்லுங்கோ.

கனடாவில இருந்து மாமா வாங்கி அனுப்புறன் எண்டுறார்?

மாமாட்ட நன்றி சொல்லிக் காசா வாங்குங்கோ. இருந்து பாக்காத கதிரை, பழுதானா வொறண்டியும் அங்க.

தம்பி, மகனுக்குப் பன்னிரண்டு வயசு, பிறந்தநாளுக்குக் கேமிங் கதிரை கேக்கிறான், வாங்கலாமோ?

அக்கா, பெரியாக்களின்ர கதிரையில அவன் தாண்டு போவான், கால் நிலத்தில படாது, முதுகு பின்னுக்குப் போய்ச் சேராது. உயரம் மாத்தக்கூடிய சின்ன ஓபிஸ் கதிரையும் காலுக்கு ஒரு கட்டையும் காணும். அவன் கேக்கிறது கதிரையை இல்ல, யூரியூப்பில காணுற பெடியன் இருக்கிற மாதிரி இருக்க, அதுக்குக் கதிரையில ஒரு ஸ்ரிக்கர் ஒட்டிக் குடுங்கோ.

நல்ல கதிரை எண்டா எவ்வளவு நேரம் தொடர்ந்து இருக்கலாம்?

அரை மணித்தியாலம். கதிரை எவ்வளவு விலையெண்டாலும் அரை மணித்தியாலம். நியூசிலாந்தில 32 வயசு ஆள் ஒருத்தர், கொம்பியூட்டருக்கு முன்னால ஒரு நாளைக்குப் பதினெட்டு மணித்தியாலம் வரைக்கும் இருந்து, காலில ரத்தம் கட்டியாகி அது நுரையீரலுக்கு ஏறிச் சாகப் பாத்தவர், அவரைப் பாத்த டொக்ரர்மார் அதை 2003 இல எழுதி வச்சிருக்கினம். இருக்கேக்கக் கெண்டைக்கால் தசை வேலை செய்யாது, ரத்தத்தை மேல தள்ளுற பம்ப் அதுதான். ஒரு மட்ச் முடிஞ்சா எழும்பிக் கிணத்தடி வரைக்கும் போட்டு வாங்கோ. நான் மேசையில தண்ணிப் போத்தல் வைக்கிறேல்ல, குசினியில வச்சிருக்கிறன், விடாய்ச்சா எழும்பத்தானே வேணும்.

இப்ப காசில்ல, வீட்டில பிளாஸ்ரிக் கதிரைதான் கிடக்கு?

நானும் முதல் ரெண்டு வருசம் அதிலதான் இருந்தனான். கை வச்ச பிளாஸ்ரிக் கதிரையின்ர பிழை, சீற் பின்னுக்குச் சரிஞ்சு பள்ளமா இருக்கிறது, நாரி அந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்து வளையும். பழைய போர்வையை மடிச்சுப் பின்பக்கத்தை உயர்த்துங்கோ, முன்பக்கத்தை விடுங்கோ. சுருட்டின துவாயை நாரிக்கு நாடாவால கட்டுங்கோ. கைபிடி மேசையில முட்டினாக் கை இல்லாத மரக்கதிரையை எடுத்து அதே வேலையைச் செய்யுங்கோ, சாப்பாட்டு மேசைக் கதிரை ஒண்டைக் களவா அறைக்குள்ள கொண்டுபோனா ஒரு கிழமைக்கு ஒருத்தரும் கவனிக்கமாட்டினம். காலுக்குப் பலகைக்கட்டை. அம்மாட்டக் கேட்டு எடுங்கோ.